அறுபதுக்குச் சிவப்பு

ஐம்பத்துநாலு வயது மனிதன் ஒருவன், குழந்தைப்பிள்ளை போடுகிற மாதிரி ஒரு சிவப்புக் கைவெட்டுச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரித் துணி அறையின் நடுவில் கதிரையில் இருந்தபடி, தனக்கு அறுபது வயது நிறைந்துவிட்டதாக எல்லோரும் கைதட்டுவதைச் சிரித்துச் சிரித்து வாங்கிக்கொண்டிருந்தான். அந்த மடையன் நான்தான். எனக்கு அன்றைக்கு அறுபது ஆகவில்லை. அதற்கு இன்னும் ஆறு வருடம் கிடந்தது. அந்த அறையில் அது எனக்கு மட்டுமே தெரியும். சாட்சிக்கு ஒரு படமும் இருக்கிறது. அழிக்கச் சொன்னால் மனைவி கேட்கிறாள் இல்லை.

இப்போது எனக்கு உண்மையாகவே அறுபது வரப்போகிறது. கார்த்திகை பிறந்தால் சரி. ஒரு மாதமாக ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்புகிறேன், யன்னலடிக்குப் போகிறேன், குளிர்ப்பெட்டியைத் திறந்து எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுகிறேன். வயது வருகிறதே என்ற கவலை இல்லை. கவலையெல்லாம் அந்தச் சட்டையைத் தைத்த பெண்மணியைப் பற்றியது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கட்டாயம் பிழையாக எழுதுவேன். அதை எங்கிருந்தோ வாசித்துவிட்டு, திருத்தி, திகதி போட்டு, தபாலில் அனுப்பக்கூடிய ஆள் அவர். துணி அறையில் நாங்கள் எல்லோரும் அவரை மடாம் என்றுதான் கூப்பிட்டோம். ஜப்பான்காரர். சின்ன உருவம். காதளவில் வெட்டிய நரைமுடி. மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம்.

அவருடைய பிரெஞ்சு உடைசல். என்னுடையது அதைவிட உடைசல். இரண்டு உடைசலையும் ஒட்டவைத்துப் பதினொரு வருடம் கதைத்தோம். அதனால் அவர் சொன்னவற்றை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். யாரோடும் மரியாதையாக, சின்னச் சின்ன வசனமாக, கேட்பவரின் முகத்தைப் பாராமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதைப்பார் என்பதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில். நோயாளிகளின் துணி துவைக்கும் எங்கள் அறை நிலத்துக்குக் கீழே. காலை ஏழு மணிக்கு வேலை. ஆறு நாற்பத்தொன்பதுக்கு அவர் கதவடியில் நிற்பார். உள்ளே போகமாட்டார். சரியாக ஆறு ஐம்பத்தைந்துக்குத்தான் கைபிடியைத் திருகுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில் ஒருநாள் கேட்டேன்.

"மடாம், கதவு திறந்துதானே கிடக்கு. உள்ளுக்குப் போய் இருக்கலாமே?"

"இன்னும் நேரம் வரேல்லை."

"முந்திப் போனா ஆர் என்ன சொல்லப்போகினம்?"

"முந்திறதும் பிந்திறதும் ஒரே பிழைதான்," என்றார். பிறகு யோசித்துவிட்டு, "பிந்திறவைக்கு வெக்கமாவது இருக்கும். முந்திறவைக்கு அதுவும் இல்லை," என்றார்.

அந்த அறையின் மணிக்கூட்டை எங்கள் மேற்பார்வையாளர் வேண்டுமென்றே நாலு நிமிடம் முன்னுக்கு ஓட விட்டிருந்தார். ஆட்கள் கெதியாக வருவார்களாம். மடாம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முக்காலியில் ஏறி அதைத் திருத்துவார். செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் திரும்பவும் நாலு நிமிடம் தள்ளுவார். ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசாமல் இந்தச் சண்டை வருடக்கணக்காக நடந்தது. சம்பளத்துக்கு வெளியே அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

பின்னேரம் பஸ் தரிப்பில் ஒன்றாக நிற்போம். அவர் கோட்-டெ-நெய்ஜிலேயே மேலே நாலைந்து தரிப்புத் தள்ளி. நான் நோத்ர-டாம்-த-கிரேஸ். கடும் பனியிலும் கையுறையைக் கழற்றி, ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் பஸ் வந்த நேரத்தை எழுதுவார். பிந்தி வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நிமிடம் முந்தி வந்து முந்தியே வெளிக்கிட்டால் முகம் கறுத்துப்போகும். "பாவம், இனி வாற ஆக்கள்," என்பார். அவசரமாக ஓடிவரும் யாரோ ஒருவருக்காக, அந்த ஆள் வீதியில் தெரிவதற்கு முதலே கவலைப்படுவார்.

சிவப்பைப் பற்றி நான் முதன்முதலில் அவரிடம் அடி வாங்கித்தான் படித்தேன். எங்கள் அறைக்கு வரும் பைகளில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று மூன்று வகை. சிவப்புப் பை என்றால் தொற்று. தனிக் கையுறை, தனி இயந்திரம். சேர்ந்த இரண்டாம் நாள் நான் வெறுங்கையோடு ஒரு சிவப்புப் பையைத் தூக்கப் போனேன். பின்னாலிருந்து என் கையில் படாரென்று ஒன்று விழுந்தது. அடித்துவிட்டுக் குனிந்து மன்னிப்பும் கேட்டார்.

"இஞ்ச சிவப்பு எண்டா நோய் இருக்கிற இடம்," என்றார். "எங்கட ஊரில மற்றப் பக்கம். சிவப்பு எண்டா நோய் கிட்ட வராத இடம்."

அதன் மிச்சம் ஐந்து வருடம் கழித்து விளங்கியது. எங்களோடு வேலை செய்த போர்த்துக்கீசப் பெண்ணுக்கு அறுபது வயது வந்த அன்று, மதிய இடைவேளையில் மடாம் ஒரு காகிதப் பொதியை அவிழ்த்தார். உள்ளே சிவப்பில் பஞ்சு வைத்துத் தைத்த கைவெட்டுச் சட்டை, சிவப்புத் தொப்பி. போர்த்துக்கீசப் பெண் அழுதாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடாம் விளக்கினார்.

"அறுபது வருஷத்தில ஒரு சுற்று முடியுது. ஆள் பிறந்த வருஷம் திரும்பி வருது. அப்ப ஆள் திரும்பக் குழந்தை. எங்கட பாஷையில குழந்தைக்குப் பேரே சிவப்பு எண்டுதான். முந்தி அம்மை வருத்தம் வந்தா பிள்ளையைச் சுத்திச் சிவப்பைத்தான் காவல் வைச்சவை. அதால அறுபது வயசுக் குழந்தைக்கும் சிவப்பு. இனி ஒண்டும் கிட்ட வராது."

"நீங்களும் போட்டனீங்களோ?" என்று கேட்டார் ஹெய்ட்டிக்காரர். எங்கள் கூட்டத்தில் அவர்தான் வாயாடி. நான் இரண்டாவது.

மடாம் மணிக்கூட்டைப் பார்த்தார். "தனக்குத்தானே போடக்கூடாது. இன்னொரு ஆள் போட்டுவிட வேணும்," என்றார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். அது ஜப்பான்காரருடைய சட்டமோ அவருடைய சொந்தச் சட்டமோ எனக்குத் தெரியாது. அவருக்கு அறுபது ஆகி அப்போதே சில மாதம் கடந்திருந்தது. மொன்றியலில் அவருக்கு ஒருவரும் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்களுக்கும் அறுபது வருஷச் சுற்றுத்தான் மடாம்," என்றேன். "ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பேர் இருக்கு. அறுபதும் முடியத் திரும்ப முதலாவது வரும்."

நான் அவரை அவ்வளவு சந்தோஷத்தில் பார்த்ததே இல்லை. உடனே குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "சொல்லுங்கோ. அறுபதும்."

எனக்குத் தெரிந்தது பதினொன்று. பிரபவ, விபவ என்று வீராப்பாகத் தொடங்கிப் பதினொன்றில் நின்றேன். அவர் பேனையைத் தூக்கியபடி காத்திருந்தார். தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. புங்கன்குளம் என்றேன். அவர் எழுதினார். நாவற்குழி. எழுதினார். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று எங்கட ஊர் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசன் ஸ்டேசனாகப் போனேன். மருதானை வந்து சேரச் சரியாக அறுபது. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லச் சொல்லி, இலக்கமிட்டு எழுதி, எனக்கு நன்றி சொன்னார். நான் பின்னேரம் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"அந்த மனிசி உங்களை நம்பி எழுதியிருக்கு," என்றாள்.

அதற்கு அடுத்த வருடம் ஹெய்ட்டிக்காரருக்குச் சிவப்பு வந்தது. அவர் அந்தத் தொப்பியோடு மெட்ரோவில் வீட்டுக்குப் போனார். மூன்றாவது ஆள் நான் ஆனேன். அதற்கும் என் வாய்தான் காரணம்.

காப்புறுதிப் படிவம் ஒன்று எல்லோரும் நிரப்ப வேண்டியிருந்தது. மடாமின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் என் படிவத்தை அவரிடம் நீட்டினேன். "பிறந்த திகதி?" என்று கேட்டார். ஒரே மூச்சில் சொன்னேன்.

அது என் அண்ணருடைய திகதி. நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு இருபத்தொன்று. ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த பாஸ்போட்டில் இருந்தவனுக்கு இருபத்தேழு. "தம்பி, நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் தடக்காமச் சொல்லக்கூடிய ஒரு திகதியைப் பிடி," என்றான். வீட்டில் இருபத்தேழு வயதில் இருந்தது அண்ணர் மட்டும். அவருடைய பிறந்தநாளைப் பாடமாக்கினேன். இங்கே இறங்கிக் குடிவரவு மேசைக்கு முன்னால் நின்றபோது அதைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து எந்தக் காகிதத்திலும் நான் அண்ணர் பிறந்த அன்றே பிறந்தவன். மாற்றலாம் மாற்றலாம் என்று முப்பத்துமூன்று வருடம் போய்விட்டது. அந்தத் திகதியில் எனக்குக் கேக் வெட்டியிருக்கிறார்கள். வெட்கமில்லாமல் ஊதியிருக்கிறேன்.

மடாம் படிவத்தில் எழுதிவிட்டு விரல்விட்டு எண்ணினார். பிறகு குறிப்புப் புத்தகத்திலும் எழுதினார். "வாற ஜூனில உங்களுக்கு அறுபது," என்றார்.

எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தில் இருநூறு தரம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு விடியவும் ஆறு நாற்பத்தொன்பதுக்குக் கதவடியில் அவர் தனியாகத்தான் நின்றார். நானும் போய் நின்றேன். நின்று, குளிரைப் பற்றிக் கதைத்தேன்.

"சொல்லிப்போடுங்கோவன்," என்றாள் மனைவி. அவள் ஒரு கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிறவள். பொய் சொல்கிற ஆட்களோடுதான் பகல் முழுக்க அவளுக்கு வேலை.

"சொல்லி, அது மேல போய், பேப்பரிலை ஏதும் பிரச்சினை வந்தா?"

"அந்த மனிசி மேல போய்ச் சொல்லுமோ? உங்களுக்கென்ன விசரே? பயம் பேப்பருக்கில்லை. பதினொரு வருஷமாப் பகிடி விட்டவர் ஒருநாள் பகிடி விடாமக் கதைக்க வேணும். அதுக்குத்தான் பயம்."

அவள் சொல்வது சரி என்று தெரிந்த நேரங்களில் நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

ஜூன் வந்தது. மதியம் பதினொன்று நாற்பது. என்னைக் கதிரையில் இருத்தினார்கள். மடாம் பின்னால் வந்து நின்று, "கை," என்றார். ஒரு கை, மற்றக் கை. தோளில் இழுத்துச் சரிபண்ணினார். தலையில் தொப்பியை வைத்தார். ஹெய்ட்டிக்காரர் படம் எடுத்தார். நான் குழந்தை மாதிரி அழுது காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மடாம் மட்டும் சிரிக்கவில்லை. கைகளை முன்னால் சேர்த்துக் குனிந்தார். அந்தச் சட்டை பஞ்சுச் சட்டை. எனக்குள் வியர்த்து ஊற்றியது.

அப்போது என் ஃபோன் அடித்தது. வீடியோ. சாவகச்சேரியிலிருந்து அண்ணர். அங்கே அன்றைக்கு அவருக்கு மணிவிழா. காலமை தாலி கட்டி, ஆட்கள் சாப்பிட்டுப் போய், பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, பக்கத்தில் கூறைச்சேலையோடு அண்ணி. அதற்கு நான் வாழ்த்துச் சொல்ல மறந்துபோனேன். என்னுடைய அறுபதிலேயே குறியாய் இருந்தேன்.

"எடேய், என்னடா கோலம் இது?" என்றார் அண்ணர். "காவடி எடுக்கப்போறியோ?"

"அண்ணை, பேந்து எடுக்கிறன்..."

மடாம் குனிந்து ஃபோனைப் பார்த்தார். "ஆர் இவர்? ஏன் மாலை?"

"என்ர அண்ணை. இண்டைக்கு அவருக்கு அறுபது," என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடியத்தான் என் வாய்க்குள் இருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது.

மடாமின் நெற்றி சுருங்கியது. "அவருக்கும் இண்டைக்கோ?"

அந்த இடத்தில் உண்மை என் நாக்கு நுனியில்தான் நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர். தலையில் தொப்பி.

"நாங்கள் இரட்டை," என்றேன்.

ஹெய்ட்டிக்காரர் ஃபோனை எட்டிப் பார்த்தார். அண்ணருக்கு முன்பக்கம் முழுக்க வழுக்கை, மிச்சம் வெள்ளை. "இரட்டையோ? ஒருத்தன் மற்றவனுக்கு அப்பன் மாதிரி இருக்கிறான்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மடாம் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"ஆர் மூத்தவர்?"

"அவர்."

"எவ்வளவு?"

"ஆறு," என்றேன். வருடம் என்று வரவேண்டிய இடத்தில் "நிமிஷம்" என்று போட்டேன்.

எழுதினார். முகத்தில் கவலை. "தெரியாமப் போச்சுது. ஒண்டுதான் தைச்சன்," என்றார்.

பதினொரு நாள் கழித்து இன்னொரு பொதியோடு வந்தார். எனக்கு முன்னால் நின்று இடுப்பளவு குனிந்தார். "உங்கட அண்ணருக்கு. பதினொரு நாள் பிந்திப்போச்சுது. மன்னிக்க வேணும். இதைச் சொல்லி அனுப்புங்கோ."

பொதியைப் பிரித்தேன். முதல் சட்டை கடைத்துணி. இது வேறு. தொட்டவுடன் தெரிந்தது. மென்மையான, கனமான பட்டு. பச்சை மிளகாய் பழுத்த சிவப்பு இல்லை, மஞ்சள் ஓடிய சிவப்பு, விடிகிற நேரத்து வானத்தில் ஒரு கீற்றாய் வருமே அது. பூச்சி உருண்டை மணம்.

"இது எங்க வாங்கினது மடாம்?"

"வாங்கேல்லை. வீட்டில இருந்தது." மணிக்கூட்டைப் பார்த்தார். "தங்கச்சி அனுப்பினது. என்ர அறுபதுக்கு. தானே வந்து தைச்சுப் போட்டுவிடுறன் எண்டவ. துணி வந்தது. அவ வரேல்லை. வருத்தம்." பொதித் தாளை மடித்தார். "அவ இப்ப இல்லை. துணி சும்மா கிடந்தது. உங்கட அண்ணருக்கு நாள் பிந்துது. கடையில அதே துணி முடிஞ்சுபோச்சுது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ பகிடி சொல்லியிருப்பேன்.

வீட்டில் பொதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி கையைச் சேலைத்தலைப்பில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் கதையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் துணியை மடித்துப் பொதிக்குள் வைத்துவிட்டு, எனக்குச் சோறு போடாமல் அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்தநாள் ஆறு நாற்பத்தெட்டுக்கே நான் கதவடியில் நின்றேன். மடாம் வந்தார். எனக்கு ஆறு நிமிடம் இருந்தது. பகிடி ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். ஏஜென்சிக்காரன், பாஸ்போட், அண்ணர், மேசை, இரட்டை, ஆறு வருடம். என் பிரெஞ்சு அன்றைக்கு இன்னும் உடைந்தது. அவர் கதவைப் பார்த்தபடி கேட்டார். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கைபிடியைத் திருகி உள்ளே போனார்.

மதியம் என் முன்னால் வந்து இருந்தார். புத்தகத்தைத் திறந்தார்.

"அப்ப உங்கட சரியான திகதி?"

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அண்ணருடைய திகதி ஓடிவந்து நின்றது. என்னுடையதை நான் முப்பத்துமூன்று வருடமாக எங்கும் சொன்னதே இல்லை. கார்த்திகை என்று தெரியும். நாள் பதினாலோ பதினாறோ என்று தடக்கினேன். கடைசியில் அம்மா சொல்வதை நினைத்துக் கண்டுபிடித்தேன்.

"சிவப்பு திரும்பப் பிறக்கிற ஆளுக்கு," என்றார். "நீங்கள் முதல்தரம் எப்ப பிறந்தனீங்கள் எண்டே உங்களுக்குத் தெரியேல்லை."

"மடாம், அண்டைக்கு அந்த மேசையில..."

"அதைப் பற்றி நான் கேக்கேல்லை. அண்டைக்கு அந்தத் திகதி உங்களுக்குத் தேவைப்பட்டது. இரட்டை ஆருக்குத் தேவைப்பட்டது?"

பட்டுச் சட்டையை அவர் முன்னால் வைத்தேன். "இது உங்கட. எடுங்கோ மடாம்."

"இல்லை. உங்கட அண்ணருக்கு அறுபது எண்டது உண்மைதானே? அப்ப அது அவற்ற. நீங்கள் போட்டதுதான் பிழை. அதைக் கொண்டுவாங்கோ."

பொதிக்கு விலாசம் எழுதவும் அவர்தான் பேனையை எடுத்தார். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். சாவகச்சேரி என்று எழுதியவர் பேனையை நிறுத்தினார். புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினார். இலக்கமிட்ட பட்டியலில் விரல் இறங்கியது.

"இது பதினாலாவது வருஷம் எல்லோ?"

நிலம் பிளக்கவேண்டும் என்று நினைத்தேன். ஏற்கெனவே நிலத்துக்குக் கீழேதான் இருந்தோம்.

"அது... ஒரு ஸ்டேசன், மடாம்."

"எத்தினை ஸ்டேசன்?"

"நாற்பத்தொன்பது."

அவர் அந்தப் பக்கங்களை அடிமட்டம் வைத்துக் கிழித்தார். கோபத்தில் கிழிப்பதுபோல் இல்லை. ஓரம் பிசகாமல்.

அடுத்தநாள் என் சிவப்புச் சட்டையைக் கொடுத்தேன். மதிய இடைவேளையில் எல்லோருக்கும் முன்னால், சின்னக் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு இடத்துக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றாலும் கால் போகவில்லை. பஞ்சு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். அதன்பிறகு அவர் என்னோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும் கதைத்தார். "பை." "தள்ளுவண்டி." "கையுறை." பஸ் தரிப்பில் பக்கத்தில்தான் நிற்பார். நேரம் எழுதுவார். அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கிற ஒவ்வொரு தரமும், இது உண்மையா என்று எனக்குள்ளேயே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லவேண்டி வந்தது. அப்படிப் பார்த்தால் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

ஒருதரம் துணிந்து, "மடாம், நான் ஆறு வருஷம் முந்தி, நீங்கள் ஆறு வருஷம் பிந்தி. ரெண்டையும் கூட்டிப் பிரிச்சா சரியா வருது," என்றேன்.

"காலம் துணி இல்லை," என்றார், "ஒரு பக்கம் வெட்டி மற்றப் பக்கம் ஒட்ட."

மாரியில் அண்ணர் ஒரு படம் அனுப்பினார். அவருக்குப் பிறந்த பேரனைப் பட்டுச் சட்டையில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கீழே அண்ணருடைய குரல் செய்தி: "தம்பி, இந்த வெக்கையில பஞ்சு வைச்ச சட்டையை ஆரடா போடுவினம்? பெடியனுக்குக் கீழ விரிச்சிருக்கிறம். நல்ல நித்திரை கொள்ளுறான்."

காட்டுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு பஸ் தரிப்பில் ஃபோனை நீட்டினேன். இந்தத் தரம் ஒரு சொல்லும் கூட்டவில்லை. மடாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பஸ் வந்தது. நேரம் எழுதவில்லை.

"இது ஆர் சொல்லிச் செய்தவை?"

"ஒருதரும் சொல்லேல்லை."

"குழந்தை," என்றார். "சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு. தங்கச்சிக்குச் சொல்ல வேணும்."

வசந்தத்தில் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் கேக் இருந்தது, மேற்பார்வையாளர் பேசினார். அன்றைக்கு அவர் மணிக்கூட்டை நாலு நிமிடம் தள்ளவில்லை. போர்த்துக்கீசப் பெண்ணும் வந்திருந்தாள். எல்லாம் முடிய மடாம் பையைத் திறந்தார். சிவப்பு. நான் போட்ட துணிதான், அவருடைய அளவுக்குச் சிறிதாகத் தைத்திருந்தார்.

போர்த்துக்கீசப் பெண் எழும்பினாள். ஹெய்ட்டிக்காரரும் எழும்பினார். மடாம் அவர்களைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றார். சட்டையை என் கையில் தந்தார். திரும்பி முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் கொஞ்சம் பின்னால் நீட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இப்ப," என்றார்.

ஒரு கை, மற்றக் கை. தோளில் இழுத்துச் சரிபண்ணினேன். அவர் என்னில் அரை ஆள் உயரம்தான். தொப்பியை வைக்க நான் குனியவேண்டி இருந்தது. ஒரு பகிடியும் வரவில்லை. அவர் கைகளைச் சேர்த்துச் சுவரைப் பார்த்துக் குனிந்தார். அங்கே மணிக்கூட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

பின்னேரம் பஸ் தரிப்பில் இருவரும் நின்றோம். அவர் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. மழைக்கோட்டுக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. உருகிய பனி வீதியோரம் சாம்பலாய் ஓடியது. பஸ் தூரத்தில் தெரிந்தது. இனிக் கேட்க நாள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மடாம், அப்ப என்னை மன்னிச்சிட்டீங்கள்தானே?"

அவர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். கார்த்திகை, பதினாறு என்று தமிழில் நான் எழுதிக் கொடுத்ததை அவர் பார்த்து எழுதிய பக்கம். மூடினார்.

"இல்லை," என்றார். "முதல்ல உங்களுக்கு அறுபது வரட்டும்."